ஜப்பானில் பக்கத்துக் கடையில் மீனும் காயும் வாங்கக் கற்றுக்கொண்டது

ஜப்பானுக்கு வந்து நான் வைத்த முதல் மீன் குழம்பை யாராலும் சாப்பிட முடியவில்லை. 2019 மே மாதம், சைதாமாவில் இருக்கிற கவாகோயேவுக்குக் குடி வந்த இரண்டாவது வாரம். வீட்டிலிருந்து எட்டு நிமிடம் நடந்தால் ஒரு சூப்பர் மார்க்கெட். அங்கே சால்மன் துண்டுகள் நல்ல நிறத்தில் அடுக்கி வைத்திருந்தன, விலையும் பரவாயில்லை, மூன்று துண்டு வாங்கிவந்து ஊரிலிருந்து கொண்டுவந்த புளியும் மிளகாய்த்தூளும் போட்டு, வழக்கமான உப்பும் போட்டுக் கொதிக்கவிட்டு இறக்கினேன். வாயில் வைக்க முடியாத உப்பு. அந்த மீன் ஏற்கெனவே உப்பில் ஊறியது. பொட்டலத்தின் மேல் 'அமாஜியோ' என்று எழுதியிருந்ததைக் குழம்பைக் கொட்டிய பிறகு ஃபோன் கேமராவில் மொழிபெயர்த்துப் பார்த்தேன், 'இனிப்பு உப்பு' என்று வந்தது. மிதமான உப்புப் போட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று தெரிய இன்னும் ஒரு மாதம் ஆனது.

உப்பில்லாத சால்மன் வேண்டுமென்றால் 'நாமா' என்று போட்டிருப்பதை எடுக்க வேண்டும். ஆனால் அதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள்: நாமா என்றால் பச்சை, அவ்வளவுதான், பச்சையாகச் சாப்பிடலாம் என்று அர்த்தம் இல்லை. பச்சையாகச் சாப்பிட 'சாஷிமி யோ' என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். குழம்புக்கு வாங்குகிற நமக்கு இதனால் பாதிப்பில்லை, ஆனால் புதிதாக வந்தவர்கள் ஆசைப்பட்டு நாமா மீனை வெட்டி அப்படியே வாயில் போட்டுவிடக் கூடாது.

அந்தக் குழம்புக்குப் பிறகு எனக்குப் பயம் வந்துவிட்டது. ஆறு மாதம் சனிக்கிழமைதோறும் ரயிலில் நிஷிகசாய் போய்வந்தேன். தோக்கியோவில் இந்தியர்கள் நிறையப் பேர் இருக்கும் இடம் அது, இந்தியக் கடைகளும் இருக்கின்றன, ஆனால் எங்கள் வீட்டிலிருந்து போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். கத்தரிக்காயும் வெங்காயமும்கூட அங்கிருந்து தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இப்போது நினைத்தால் அந்தச் சனிக்கிழமைகள் எல்லாம் வீணாகப் போன வருத்தம்தான். புளி, பருப்பு, பெருங்காயம், மிளகாய்த்தூள், இட்லி அரிசி, உறைய வைக்கக் கறிவேப்பிலை, இவற்றுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போனால் போதும். மற்றது எல்லாம் வீட்டுப் பக்கத்திலேயே இருந்தது, எனக்கு வாசிக்கத்தான் தெரியவில்லை.

வாசிக்க என்றால் மொழி முழுவதையும் படிக்கச் சொல்லவில்லை. முதல் நாலு மாதத்துக்கு இருபது முப்பது எழுத்து போதும். நான் ஒரு சின்ன நோட்டில் படம் போல வரைந்து வைத்துக்கொண்டேன். மாட்டுக்கு உள்ள எழுத்து: நெட்டாக ஒரு கோடு, அதைக் குறுக்கே வெட்டும் இரண்டு கோடு, இடப்பக்கம் மேலே ஒரு சின்னக் கீற்று. பன்றி: இடப்பக்கம் ஏணி, வலப்பக்கம் சாய்ந்து சாய்ந்து இறங்கும் கோடுகள். கோழிக்கு வலப்பாதியில் கீழே நாலு புள்ளி இருக்கும். மீனுக்கும் கீழே நாலு புள்ளி உண்டு, ஆனால் அதன் மேலே நாலாகப் பிரித்த வயல் போல ஒரு கட்டம். இறைச்சி என்ற எழுத்து, ஒரு வாசலுக்குள் இரண்டு பேர் ஒருவர் மேல் ஒருவர் நிற்பது போல. அரிசிக்கு ஒரு கூட்டல் குறி, அதன் நாலு மூலையிலும் நாலு கீற்று. இந்த அரிசி எழுத்தைத் தெரிந்து வைத்திருந்தால் இன்னொரு லாபம், சர்க்கரைப் பொட்டலத்தில் பெயரின் கடைசி எழுத்துக்கு இடப்பக்கம் இதே அரிசி எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். உப்பில் அது இருக்காது. இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே மாதிரி ஒரு கிலோ வெள்ளைப் பையில் இருக்கும் என்பதால் சொல்கிறேன்.

கைம்மா வாங்குபவர்கள் 'ஐபிகி' என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மாடும் பன்றியும் கலந்து அரைத்தது அது. விலை குறைவாக இருப்பதால் கை தானாக அங்கே போகும். இரண்டில் ஒன்றைச் சாப்பிடாதவர்கள் என்றால் வேண்டாம்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு இங்கே உண்மையிலேயே கஷ்டம், அதை மறைக்க மாட்டேன். கும்பகோணத்திலிருந்து வந்த தோழி ஒருத்தி, எனக்கு ஒரு வருடம் கழித்து வந்தவள், பொட்டலத்தின் பின்னால் ஒவ்வாமைக்கான கட்டம் இருக்குமே, முட்டை, பால், கோதுமை என்று பிரித்துப் போட்டிருப்பார்களே, அதைப் பார்த்து வாங்கினால் போதும் என்று நினைத்திருந்தாள். "அக்கா, இதில் பாலும் கோதுமையும் மட்டும்தான் போட்டிருக்கு" என்று ஒரு நாள் குழம்புக் கட்டி ஒன்றைக் காட்டினாள். நான் திருப்பிப் பார்த்தால் மூலப்பொருள் வரிசையின் தொடக்கத்திலேயே மாட்டுக் கொழுப்பு. விஷயம் என்னவென்றால், சட்டப்படி கட்டாயமாகக் காட்ட வேண்டிய ஒவ்வாமைப் பொருட்கள் முட்டை, பால், கோதுமை, சோபா எனும் மரக்கோதுமை, வேர்க்கடலை, இறால், நண்டு, வால்நட் போன்ற சில மட்டும்தான். மாடு, பன்றி, கோழி, ஜெலட்டின் எல்லாம் 'முடிந்தால் காட்டுங்கள்' என்ற இன்னொரு பட்டியலில் இருக்கின்றன. அதனால் அந்தக் கட்டத்தை வைத்துச் சைவம் என்று முடிவு செய்யவே கூடாது. மூலப்பொருள் வரிசையை முழுக்கப் படிக்க வேண்டும், 'எகிசு' என்று முடியும் சொல் வந்தால் அது ஏதோ ஒன்றின் சாறு, அதற்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும், 'ராடோ' என்றால் பன்றிக் கொழுப்பு. சோயா சாஸ் பாட்டிலுக்குப் பக்கத்தில் அதே நிறத்தில் 'மென்ட்சுயு' நிற்கும், அதில் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். நூடுல்ஸில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு சாறு உண்டு. கேமரா மொழிபெயர்ப்பு பரவாயில்லை, ஆனால் வளைந்த பொட்டலத்தில் பொடி எழுத்தை அது தவறாகப் படிக்கும், நம் நோட்டில் வரைந்த எழுத்து தவறாது. அவள் இப்போது எனக்கே சொல்லிக்கொடுக்கிற அளவுக்குப் படிக்கிறாள்.

தேதியையும் சொல்லிவிடுகிறேன். 26.07.08 என்று அச்சடித்திருந்தால் அது 2026 ஜூலை 8. முதலில் வருடம், அப்புறம் மாதம், கடைசியில் நாள். தேதிக்கு மேலே இரண்டு விதமான சொல் வரும். 'ஷோஹி கிகென்' என்றால் அந்த நாளுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், பச்சை இறைச்சி, பெட்டிச் சாப்பாடு போன்றவற்றில் இருக்கும். 'ஷோமி கிகென்' என்றால் அதுவரை ருசி நன்றாக இருக்கும், தாண்டியதும் உடனே தூக்கிப்போட வேண்டியதில்லை. முட்டையில் ஷோமிதான் இருக்கும், அதுவும் பச்சையாகச் சாப்பிடுவதற்குக் கணக்குப் போட்ட தேதி, இங்கே சூடான சோற்றில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். நம் வீட்டில் அவித்தோ வறுத்தோ சாப்பிடுவதால் ஒன்றிரண்டு நாள் தாண்டினாலும் நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டுவிடுகிறோம்.

சரி, காய்கறிக்கு வருவோம். இங்கே நான் செய்த தவறு, ஊர்க் காயை அதே முகத்தோடு தேடியது. கொத்தமல்லி ஒரு சின்னக் கட்டு 150, 200 யென், அதுவும் எல்லா நாளும் இருக்காது. முருங்கைக்காய் கிடையாது. பச்சை மிளகாய் என்று நினைத்து வாங்கும் ஷிஷிதோவில் காரமே இருக்காது, எப்போதாவது ஒன்று மட்டும் சுள்ளென்று இருக்கும், அதை மோர் மிளகாய் போல எண்ணெயில் வதக்கிச் சோற்றுக்குத் தொட்டுக்கொண்டால் நன்றாக இருக்கிறது, ஆனால் சாம்பாருக்கு ஆகாது. தேடுவதை விட்டுவிட்டு ஒவ்வொரு காயாகக் கையில் எடுத்து இது நம் ஊரில் யாருக்குச் சொந்தம் என்று பார்க்கத் தொடங்கியபோதுதான் கடை எனக்குத் திறந்தது. சாதோஇமோ என்று மண்ணோடு பையில் கிடப்பது நம் சேப்பங்கிழங்கின் இனம்தான், அவித்து உரித்து வறுத்தால் வித்தியாசமே தெரியாது. தோகான் என்பது நீர்ப்பூசணி, கோடையில் நறுக்கி வைத்திருப்பார்கள், மோர்க்குழம்புக்கு வேறென்ன வேண்டும். கோயா, பாகற்காய். ட்சுருமுராசாகி என்று ஜூலை, ஆகஸ்டில் வரும் கீரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன், எங்கள் அம்மாச்சி வீட்டு வேலியில் படர்ந்து கிடந்த கொடிப்பசலை அது. கிடைக்கும் காலம் இரண்டு மூன்று மாதம்தான், அதனால் பார்த்த அன்றே வாங்கிவிடுங்கள். மற்ற நாட்களில் கொமாட்சுனா போதும், பருப்புப் போட்டுக் கடைந்தால் முளைக்கீரை அளவுக்கு இல்லையென்றாலும் வீட்டுக் கீரை போல இருக்கும். முள்ளங்கி தொடையளவு பெரிது, பாதி வெட்டி விற்பார்கள்: இலைப் பக்கத்துப் பாதி இனிப்பு, நுனிப் பாதி காரம். சாம்பாருக்கு நான் நுனியை எடுப்பேன்.

மோயாஷி எனும் முளைப்பயறு, ஒரு பை முப்பது நாற்பது யென்னுக்குக் கிடைக்கும். மாதக் கடைசியில் எங்களைக் காப்பாற்றியது அதுதான். பையின் பின்னால் சில வேளை 'புராக்கு மாப்பே' என்று இருக்கும், அது வேறொன்றும் இல்லை, உளுந்து! அந்த முளையைத் தேங்காய்ப்பூ இல்லாமல் கடுகு மட்டும் தாளித்துப் பொரியல் செய்கிறோம்.

மாவு வகையில் ஒரு பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், ஜோஷின்கோ. சாதாரண அரிசியை அரைத்த மாவு, கொழுக்கட்டைக்கு மிக நன்றாக வருகிறது, பிள்ளையார் சதுர்த்திக்கு நான் இதில்தான் செய்கிறேன். பக்கத்திலேயே ஷிராதமாகோ இருக்கும், அது ஒட்டரிசி மாவு, கொழுக்கட்டை பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். வெல்லத்துக்கு ஒக்கினாவாவின் கருஞ்சர்க்கரை, குரோஸாத்தோ. நல்லெண்ணெய் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள்: கடையில் முன்னால் நிற்கும் பழுப்பு நிற எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது, வாசனை மிகத் தூக்கல், அதை இட்லிப் பொடிக்கு ஊற்றினால் வேறு ஏதோ ஆகிவிடும். 'தைஹாகு' என்று எழுதியிருக்கும் நிறமில்லாத பாட்டில் வறுக்காத எள். செக்கு நல்லெண்ணெயின் வாசனை அதில் இல்லை, ஆனாலும் ஊறுகாய்க்கும் தாளிப்புக்கும் அதுதான் நெருக்கம்.

தயிருக்கு வழி சொல்கிறேன். சர்க்கரை சேர்க்காத வெறும் யோகர்ட் 400 கிராம் டப்பாவில் வரும், அதில் ஒரு கரண்டியை உறைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பால் சரியாக இருக்க வேண்டும். இங்கே ஒரே மாதிரி அட்டைப் பெட்டியில் முழுப்பால், கொழுப்புக் குறைத்தது, பலது கலந்த பால் பானம் என்று வரிசையாக நிற்கும், முதல் வருடம் நான் எதையோ எடுத்து வந்து தயிர் நீராகவே கிடந்தது. பெட்டியின் உச்சி விளிம்பைத் தடவிப் பாருங்கள். வேறெதுவும் சேர்க்காத 'க்யூன்யூ' பெட்டிகள் பெரும்பாலானவற்றில் அரை வட்டமாக ஒரு சின்ன வெட்டு இருக்கும். கண் பார்வை இல்லாதவர்கள் விரலால் தடவி இது பால் என்று தெரிந்துகொள்ளச் செய்த ஏற்பாடு அது, வெட்டு இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திறக்க வேண்டும் என்பதையும் அதுவே சொல்லும். எழுத்துத் தெரியாமல் அந்த அலமாரி முன்னால் நின்ற எனக்கும் அந்த வெட்டு உதவியது. யாருக்காகவோ யோசித்துச் செய்த ஒரு நல்ல காரியம் எங்கெங்கோ போய்ச் சேருகிறது என்று அன்றைக்கு நெகிழ்ந்து போனேன்.

இனி மீன். நான் தூத்துக்குடிக்காரி, இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன்.

எங்கள் கடையில் மீன் பகுதிக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர், உள்ளே வெள்ளை ரப்பர் பூட்ஸ் போட்டு மூன்று நாலு பேர் மீன் வெட்டிக்கொண்டிருப்பார்கள். ஓரமாக ஒரு அழைப்பு மணி. அதை அழுத்தி ஆளைக் கூப்பிடலாம், முழு மீனைக் காட்டி எப்படி வேண்டுமோ அப்படி வெட்டிக் கேட்கலாம், அதற்குத் தனிக் காசு இல்லை. இது தெரியாமல் ஒன்றரை வருடம் நான் அந்த மணியைக் கடந்து போயிருக்கிறேன். ஒரு ஜூன் மாதம், மழைக்காலம், சாளை மீன் பளபளவென்று குவிந்து கிடந்தது, இங்கே அதன் பெயர் இவாஷி, மழைக்காலத்தில்தான் அதில் கொழுப்பு ஏறியிருக்கும். ஆசையை அடக்க முடியாமல் மணியை அழுத்திவிட்டேன். அறுபது வயதுக்கு மேலிருக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். எனக்கு 'தலை வேண்டாம், குடல் வேண்டாம்' என்று கையால் காட்டத்தான் தெரிந்தது. அவர் பொறுமையாக, "அதாமா? வாத்தா?" என்று தலையையும் வயிற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிக் கேட்டார். அன்றைக்கு இரண்டு புதிய சொல் என் நோட்டில் ஏறின.

அப்புறம் வாரத்துக்கு ஒரு சொல். 'சன்மாய் ஒரோஷி' என்றால் நடுமுள்ளை எடுத்து இரண்டு பக்கச் சதையும் தனித்தனியாக. நமக்கு அது பொரிப்பதற்கு ஆகும். குழம்புக்குக் கேட்க வேண்டியது 'புத்சுகிரி', முள்ளோடு கட்டை கட்டையாக வெட்டுவது. "சுமிமாசென், புத்சுகிரி நி ஷிதே குதாசாய்", இந்த ஒரு வாக்கியம் தெரிந்தால் ஜப்பானில் நல்ல மீன் குழம்பு சாப்பிடலாம். சாபா என்கிற மீன் அயிலையின் சொந்தக்காரன், ஆனால் சால்மன் போலவே உப்புப் போட்டதும் பக்கத்தில் கிடக்கும், அதன் பெயர் ஷியோ சாபா, வாங்கும் முன் பாருங்கள்.

நான் எல்லோரிடமும் சொல்லும் விஷயம் 'ஆரா'. பெரிய மீனைத் துண்டு போட்ட பிறகு மிஞ்சும் தலை, தாடை, முள்ளோடு ஒட்டிய சதை, இதையெல்லாம் தட்டில் வைத்து 200, 300 யென்னுக்கு விற்பார்கள். மதாய், சால்மன், குளிர்காலத்தில் புரி என்ற மீன். ஊரில் மீன் தலைக்குத் தனி மரியாதை, அது இங்கே மூலையில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. நான் அடிக்கடி ஆரா எடுப்பதைப் பார்த்து அந்தப் பெரியவர் ஒரு நாள், "ஒகுசான், இதை எப்படிச் சமைப்பீர்கள்?" என்று கேட்டார். கடைக்காரர்கள் வீட்டுப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அம்மா என்பது போல. புளி என்ற சொல் எனக்கு அங்கே சொல்ல வரவில்லை, புளிப்பான பழம், காரம், தேங்காய்ப் பால் என்று சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, முதலில் உப்புத் தூவி இருபது நிமிடம் வையுங்கள், பிறகு கொதிக்கும் நீரை மேலே ஊற்றிவிட்டுக் குளிர்ந்த நீரில் செதிலையும் ரத்தத்தையும் விரலால் கழுவுங்கள், வாடை போய்விடும் என்றார். எங்கள் அம்மா கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்துக் கழுவுவாள். இப்போது இரண்டையும் சேர்த்துச் செய்கிறேன். தேங்காய்ப் பால் மட்டும் தாய்லாந்து டின்னில் வருவதை வாங்கிக்கொள்கிறேன், அது வெளிநாட்டுப் பொருள் அலமாரியில் இருக்கும்.

ஆரா வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, குப்பை. எங்கள் பகுதியில் எரிக்கும் குப்பை வாரத்தில் இரண்டு நாள்தான் எடுப்பார்கள். ஆகஸ்டில் மீன் முள்ளை மூன்று நாள் வீட்டில் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. குப்பை நாளுக்கு முந்தின மாலை மீன் வாங்குகிறேன். முடியாதபோது முள்ளை இரண்டு பையில் சுற்றி ஃபிரீசரில் வைத்து, எடுக்கும் நாள் காலையில் வெளியே வைக்கிறேன்.

இன்னொன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. கட்சுவோபுஷி என்று செதில் செதிலாகச் சீவி வைத்த மீன் பொட்டலத்தை முதல்முறை பிரித்தபோது வந்த வாசனை, எங்கள் ஊர் மாசிக் கருவாடு. சூரை மீனை அவித்து, புகையில் காட்டி, உலர்த்தி இறுக்குவது இரண்டுக்கும் பொது. சின்ன வெங்காயம் இல்லாததால் சாதாரண வெங்காயத்தோடு, வற்றல் மிளகாய் வைத்து இடித்துச் சம்பல் செய்தேன். கொஞ்சம் மென்மையாக இருந்தது, ஆனால் அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டோம்.

சோறு என்றதும் அரிசி நினைவுக்கு வருகிறது. ஜப்பான் அரிசி குட்டை, ஒட்டும். தயிர் சாதத்துக்கு இதைவிட நல்ல அரிசி இல்லை என்பது என் கருத்து. குழம்புக்கு வேண்டுமென்றால் நாலு தண்ணீர் கழுவி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிடுங்கள், ஒட்டுவது பாதி குறையும். 2024 ஆகஸ்டில் நிலநடுக்க எச்சரிக்கை வந்த வாரம் எங்கள் கடையின் அரிசி அலமாரி வெறுமையாக இருந்தது, 'குடும்பத்துக்கு ஒரு பை' என்று சீட்டு மட்டும் ஒட்டியிருந்தது. அடுத்த வசந்தத்தில் ஐந்து கிலோ 2,000 யென் சொச்சத்திலிருந்து 4,000 தாண்டிவிட்டது. அரசாங்கம் சேமிப்பு அரிசியைத் திறந்துவிட்டு அது 2,000 யென் அளவில் விற்பனைக்கு வந்த நாளில் வயதானவர்களோடு நானும் வரிசையில் நின்றேன். அதற்குப் பிறகு வீட்டில் எப்போதும் ஒரு மாத அரிசி கையிருப்பு வைத்திருக்கிறேன். நிலநடுக்கச் செய்தி வந்த பிறகு போனால் தண்ணீரும் ரொட்டியும்கூட இருக்காது.

பில் போடும் இடம், அதாவது ரெஜி. இங்கே பேச்சுத்தான் பயமுறுத்தும், ஆனால் கேட்பது மூன்றே கேள்வி: புள்ளி அட்டை இருக்கிறதா, பை வேண்டுமா, பெட்டிச் சாப்பாடு எடுத்திருந்தால் குச்சி வேண்டுமா. வேண்டாம் என்றால் "தைஜோபு தெசு". 2020 ஜூலை முதல் பிளாஸ்டிக் பைக்குக் காசு, அதனால் துணிப்பை எப்போதும் கையில் இருக்கட்டும். ஆனால் பணம் கட்டும்வரை பொருளை அதில் போடாதீர்கள், கடைக் கூடையிலேயே வையுங்கள். பல கடைகளில் இப்போது ஸ்கேன் செய்வது ஊழியர், பணம் கட்டுவது பக்கத்தில் இருக்கும் இயந்திரத்தில், எந்த எண் இயந்திரம் என்று அவர் சொல்வார், புரியாவிட்டால் அவர் கை காட்டும் பக்கம் பாருங்கள். கட்டிய பிறகு கூடையோடு நகர்ந்து அங்கே இருக்கும் நீண்ட மேசையில் நிதானமாக அடுக்கிக்கொள்ள வேண்டும், ரெஜியிலேயே நின்று அடுக்கினால் பின்னால் இருப்பவர் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்த மேசையில் மெல்லிய பைச் சுருள் இருக்கும், மீனையும் இறைச்சியையும் அதில் போட்டுக்கொள்ளலாம், எங்கள் கடையில் ஐஸும் இலவசம். விலைச் சீட்டில் இரண்டு எண் இருந்தால் பெரிதாக அச்சடித்தது பெரும்பாலும் வரிக்கு முந்தியது, கட்டுவது சின்ன எழுத்தில் இருப்பது. உணவுக்கு 8 சதவீதம், சோப்பு போன்றவற்றுக்கு 10. 2019 அக்டோபரில் பிரித்தார்கள். ஹோன் மிரின் என்ற சமையல் பொருளுக்கும் 10 சதவீதம், அது மதுவில் சேர்த்தி, ரெஜியில் வயதுகூடக் கேட்கும், மது தொடாதவர்கள் அதைக் கவனிக்க வேண்டும்.

மாலையில் தள்ளுபடிச் சீட்டு ஒட்டுவார்கள். எங்கள் கடையில் ஆறரை மணிக்கு இருபது சதவீதம், எட்டு மணிக்கு மேல் பாதி விலை, 'ஹங்காகு'. சீட்டு ஒட்டும் ஊழியர் வந்தால் ஆட்கள் கொஞ்சம் தள்ளி நின்று காத்திருப்பார்கள், கூடையில் ஏற்கெனவே எடுத்துவைத்ததை நீட்டி ஒட்டச் சொல்லும் வழக்கம் இல்லை, யாரும் சொல்லித்தர மாட்டார்கள் என்பதால் இங்கே சொல்கிறேன். பாதி விலைக் கோழி நல்ல கோழிதான், ஆனால் அன்றே சமைக்கவோ உறைய வைக்கவோ வேண்டும்.

அதே போல, அலமாரியில் கையை உள்ளே விட்டுப் பின்வரிசையிலிருந்து புதிய பால் எடுப்பது எனக்கு ஊர்ப் பழக்கம். 'தெமாஎதோரி' என்று ஒரு சீட்டு அங்கே தொங்குவதை ரொம்ப நாள் கழித்துத்தான் வாசித்தேன், உடனே குடிக்கப் போகிறீர்கள் என்றால் முன்னால் இருப்பதை எடுங்கள், வீணாவதைக் குறைப்போம் என்று வேண்டிக் கேட்டிருக்கிறார்கள். அன்று மாலைக் காப்பிக்குத்தான் பால், நான் ஏன் பின்வரிசைக்குக் கை நீட்ட வேண்டும்? மாற்றிக்கொண்டேன். மூன்று நாள் கழித்துத் தயிருக்கு என்றால் மட்டும் தேதி பார்க்கிறேன்.

கடைசியாக ஒன்று, டிசம்பரில் வருபவர்களுக்கு. 28, 29 தேதிக்குப் பிறகு காய்கறி விலை ஏறும், மீன் பகுதி முழுக்கப் புத்தாண்டுத் தட்டுகளாக மாறிவிடும், ஜனவரி முதல் இரண்டு மூன்று நாள் மூடியிருக்கும் கடைகளும் உண்டு. அதனால் 27-க்குள் வாங்கி வைத்துவிடுங்கள். அந்த வாரம்தான் புரி தலையும் நன்றாக இருக்கும். போன டிசம்பரில் மணியை அழுத்துவதற்கு முன்பே பெரியவர் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார், இரண்டு தட்டு ஆராவோடு வந்தார், கேட்காமலே குழம்பு அளவுக்கு வெட்டியிருந்தது. வாசலில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுடும் அடுப்பு, கவாகோயே அதற்குப் பேர் போன ஊர், ஒன்று வாங்கிக் கையைச் சூடாக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.